மணிக்கூண்டு யோனாவின் மூடிய அலகு

ஏரிக்கரைத் தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஒரு தாய்ப்புறா வாழ்ந்துவந்தாள். அவளுக்கு யோனா என்ற மகனும், அண்மையில் முட்டையிலிருந்து வெளிவந்த பெண்குஞ்சும் இருந்தனர்.

யோனாவுக்குச் சிறகுகள் முளைத்து நெடுநாளாகிவிட்டது. கீழே சபையார் பாடும் கீர்த்தனைகள் அனைத்தும் அவனுக்கு மனப்பாடம். ஆயினும், பசியெடுத்தால் தங்கையை இடித்துத் தள்ளிவிட்டு அவனே வாயைப் பிளப்பான். தாயின் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத் தவிர வேறெதையும் தொடமாட்டான்.

“வெட்கமாயில்லையா, தம்பி? குஞ்சின் பங்கையும் நீயே விழுங்குகிறாயே!” என்றது வேப்பமரத்து அணில்.

“நான் ஆலயத்திலேயே பிறந்தவன், அண்ணே! உமக்கு ஒரு கீர்த்தனையாவது தெரியுமா? நெல் கொறிப்பதெல்லாம் உம்மைப் போன்ற வெளியாட்களின் வேலை!”

“நல்லது! பாட்டுக்கும் வாயைத் திறக்கிறாய், பாலுக்கும் திறக்கிறாய். அது மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை!”

அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் நெல்மூட்டைகளையும் வாழைத்தார்களையும் சுமந்துவந்து காணிக்கையாகப் படைத்தனர். சிந்திய நெல் முற்றமெங்கும் கிடந்தது. ஆனால், விடியலில் வெளியே சென்ற தாய்ப்புறா திரும்பவில்லை.

அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது. “யோனா! உன் அம்மாவைப் பருந்து அடித்துவிட்டது! உயிருக்கு ஆபத்தில்லை. தாழம்புதருக்குள் பதுங்கியிருக்கிறாள். சிறகு ஆறும்வரை அவளால் பறக்க இயலாது!”

“அண்ணா, பசிக்கிறது!” என்று முனகியது குஞ்சு. அதன் தலை துவண்டிருந்தது.

யோனா கண்களை இறுக மூடி, “ஆண்டவரே, எங்களுக்கு ஆகாரம் அனுப்பும்!” என்று ஜெபித்தான்.

“அனுப்பித்தானே இருக்கிறார்! கண்ணைத் திறந்து கீழே பார்!” என்று கத்தியது அணில்.

யோனா முற்றத்தில் இறங்கினான். முதல் நெல் தொண்டையைக் கீறியது. இருமினான், துப்பினான், மீண்டும் பொறுக்கினான். தண்ணீர் குடித்து, நெல்லைத் தொண்டைப்பையில் ஊறவைத்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்தான்.

குஞ்சு தன் அலகை அவன் வாய்க்குள் ஆழமாய்க் குத்தி உணவைத் தேடியது. வலியில் யோனாவின் கண்கள் கலங்கின.

‘இந்தச் சின்ன அலகே இப்படி வலிக்கிறதே! என் அலகு எவ்வளவு பெரியது! அம்மா ஒருநாளாவது முகம் சுளித்தாளா?’

பாட்டெல்லாம் மறந்துபோயிற்று. “என்னை மன்னியும், ஆண்டவரே!” என்ற ஒன்றே அவன் நெஞ்சில் எஞ்சியது. உடனே தாழம்புதரை நோக்கிப் பறந்தான்; அங்கும் ஒரு வாய் பசித்திருந்தது.

சிறகு ஆறியதும் தாய் மணிக்கூண்டுக்குத் திரும்பினாள். பழக்கத்தால் மகனுக்கு ஊட்ட அலகைத் திறந்தாள். யோனா அதில் ஊறிய நெல்லை வைத்தான். தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, இன்று பாட்டு இல்லையா?” என்று வேப்பங்கிளையிலிருந்து கேட்டது அணில்.

யோனாவின் வாய் நிறையத் தங்கைக்கான நெல் இருந்ததால், மூடிய அலகோடு தலையை மட்டும் அசைத்தான்.

கேட்டும் பாடியும் பழகிய இறைவார்த்தை, பிறர் பசியைத் தீர்க்கும் அன்பாக மாறும்போதுதான் விசுவாசி குழந்தைப்பருவம் கடந்து முதிர்ச்சி அடைகிறான்.