மூணு வேலை செய்யுற மெஷின்

ஒரு ஊர்ல ஒரு மெஷின் இருந்துச்சு, தங்கம். ராஜா இல்ல, ராணி இல்ல, மெஷின்தான். எருமைமாடு படுத்த மாதிரி பெரிய இரும்பு மெஷின். ஒரு பக்கம் பலகையைக் குடுத்தா சர்ர்ர்னு இழைச்சுக் குடுக்கும். இன்னொரு பக்கம் வட்ட ரம்பம், கீய்ய்ங்னு அறுக்கும். ஓரத்துல துளைக்கம்பி, குர்ர்ர்னு ஓட்டை போடும். மூணு வேலைக்கும் ஒரே மோட்டார். ம் சொல்லு.

ம்.

அது சுப்பையா ஆசாரியோட மெஷின். அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் நல்லபெருமாள், இளையவன் கோலப்பன். ஆசாரி கண்ணை மூடுறதுக்கு முன்னாடி, "மெஷின் ரெண்டு பேருக்கும்டா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. எப்படி ரெண்டு பேருக்கும்? அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டாரு.

அப்புறம் மெஷின் தார்ப்பாய்க்குள்ள கிடந்து கிடந்து துருப்பிடிச்சுப் போச்சு. மூத்தவன் வெளியூர்ல ஒரு பேக்டரியில வேலை பார்த்துட்டு அப்பத்தான் ஊருக்கு வந்திருந்தான். இளையவன் பக்கத்து மரக்கடையில வேலை. அவன் சின்னதா ஒரு வீடு கட்டுறான். தையில வாசல் நிலை வைக்க நாள் குறிச்சாச்சு. நிலைக்குன்னு ஆசாரி எடுத்து வச்ச தேக்குக்கட்டை பட்டறை மூலையில சாஞ்சு நிக்குது.

"அண்ணே, நம்ம வீட்டு நிலையை அப்பா மெஷின்லதான் இழைக்கணும்"னான் கோலப்பன்.

"பார்ப்போம்"னான் நல்லபெருமாள். வாய்தான் சொல்லுது. மனசு என்ன சொல்லுது தெரியுமா? இவன் நிலைக்காக வர்றானா, மெஷினையே கொண்டுபோக வர்றானா?

அவன் அப்படித்தான், கண்ணு. சந்தேகப் பிராணி. கடையில ஆட்டிப் பார்த்து வாங்கின தேங்காயை வீட்டுக்கு வந்து இன்னொருக்கா ஆட்டிப் பார்ப்பான்.

பட்டறையில கிழக்குச் சுவர்ல ஒரு சாமி மாடம். முன்னாடி சிவப்புத் திரை. காலையில பட்டறையைத் திறக்கிறவங்க திரையை விலக்கி விளக்கேத்தணும், அது அந்தப் பட்டறை வழக்கம். நல்லபெருமாள் ஏத்தல. "முதல்ல மெஷின் ஓடட்டும், அப்புறம் சாமி"ன்னுட்டான். முருகா, அப்படிச் சொல்லலாமா? இதை நீ ஞாபகத்துல வச்சுக்கோ.

ம்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சுது. நல்லபெருமாள் காலையில திறந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்ப்பான். சரக் சரக் சரக். கோலப்பன் மரக்கடை வேலை முடிஞ்சு சாயங்காலமா வந்து கை குடுப்பான். மூத்தவனுக்குக் கண்ணு மங்கல். வெயில் சாயும்போதே வீட்டுக்குக் கிளம்பிடுவான். இளையவன்தான் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து குடுப்பான்.

ஒருநாள் இழைக்கிற கத்தியைத் தீட்டி, பளபளன்னு மாட்டிட்டுப் போனான் நல்லபெருமாள். மறுநாள் காலையில வந்து பார்த்தா, கத்தியைக் காணோம்!

பூட்டு பூட்டினபடி இருக்கு, ஜன்னல் சாத்தினபடி இருக்கு. யாரு எடுத்திருப்பா? வேற யாரு, பூட்டிட்டு வந்த தம்பிதான். 'கேட்டா ஒத்துக்குவானா? கையும் களவுமாப் பிடிக்கணும்'னு வாயை மூடிக்கிட்டு அடுத்து ரம்பத்தைச் சுத்தம் பண்ணி மாட்டினான்.

சாயங்காலம் கோலப்பன் சாவி குடுக்க வந்தான். கையில தூக்குச்சட்டி.

"அதுல என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே, மத்தியானம் சாப்பிட்டது."

"குடு, பார்ப்போம்." மூடியைத் திறந்து, மூக்கை விட்டு, ஆட்டியும் பார்த்தான். ரெண்டு கறிவேப்பிலையும் ஒரு முருங்கைக்காய்ச் சக்கையும்தான் இருந்துச்சு.

"பசிக்குதாண்ணே? மைனி சோறு போடலையா?"னான் கோலப்பன்.

மறுநாள் காலையில வட்ட ரம்பத்தைக் காணோம்!

ம்.

அன்னைக்குத் துளைக்கம்பியை மாட்டிட்டு வந்தான். சாயங்காலம் தம்பி வந்தானோ இல்லையோ, "வாடா தம்பி"ன்னு இழுத்துக் கட்டிப்பிடிச்சான். எதுக்கு? இடுப்புல இரும்பு தட்டுப்படுதான்னு பார்க்க! முதுகைத் தடவுறான், மடியைத் தடவுறான். ஒண்ணும் இல்ல. பாவம் கோலப்பன், அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அப்பா போனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தாண்ணே நீ என்னைத் தொட்டிருக்க"ன்னான்.

நல்லபெருமாளுக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் ராத்திரி புரண்டு படுத்துக்கிட்டு, 'அழுதா நம்பிடுவேனா?'ன்னு நெனச்சான்.

மறுநாள் துளைக்கம்பியும் போச்சு. மெஷின் பல்லு போன கிழவன் மாதிரி நிக்குது. நிலை வைக்கிற நாளோ நெருங்குது.

"இன்னைக்கு அவனா நானா பார்த்துடுறேன். அகப்பட்டான்னா இனி அவன் எனக்குத் தம்பியும் இல்ல, இந்தப் பட்டறை வாசலை மிதிக்கவும் கூடாது"ன்னு கறுவிக்கிட்டு, அப்பாவோட உளியை மெஷின் மேல வச்சான். "நான் வீட்டுக்குப் போறேண்டா"ன்னு சத்தமாச் சொல்லிட்டு, கோலப்பன் கொல்லையில கை கழுவப் போன நேரம் பார்த்துத் திரும்பி வந்து, மூலையில கழட்டிப் போட்டிருந்த தார்ப்பாய்க்குள்ள புகுந்துக்கிட்டான். உள்ள ஒரே மரத்தூள். மூக்கு நமநமங்குது.

டக், டக், டக். கோலப்பன் வர்றான். ஜன்னலைச் சாத்துறான். மெஷின்கிட்ட நிக்கிறான். உளியைப் பார்க்குறான்... எடுத்துட்டான்!

நல்லபெருமாள் பல்லைக் கடிச்சான். ஓடிப்போய்ப் பிடிக்கலாம்னு காலை ஊன்றினான். ஆனா கோலப்பன் வாசப்பக்கம் போகல, தங்கம். கிழக்குச் சுவர்கிட்ட போறான். சிவப்புத் திரையை விலக்குறான். உள்ள சாமி படத்துக்குக் கீழ கத்தி, ரம்பம், துளைக்கம்பி, மூணும் அப்படியே இருக்கு! உளியையும் பக்கத்துல வச்சுக் கையைக் கூப்பினான்.

"அப்பா, கூரான எதையும் ராத்திரி மெஷின்ல விடக்கூடாது, சாமிகிட்ட வைக்கணும்னு நீதானே சொல்லிக் குடுத்த? நான் வச்சுக்கிட்டேதான் இருக்கேன். நீ காலையில விளக்கேத்தும்போது எடுத்து மாட்டுவ. அண்ணன் எடுக்கவே மாட்டேங்கிறான். என் வீட்டுக்கு நிலை வேண்டாம்னு நெனைக்கிறானோ? தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்குறான், ஆளைத் தடவிப் பார்க்குறான். என்னைத் திருடன்னு..."

அச்சூஊஊ!

தார்ப்பாய் எழுந்து நிக்குது! கோலப்பன் "ஐயோ பேயி!"ன்னு வச்ச உளியை எடுத்து ஓங்கிட்டான்.

"பேயி இல்லடா, அண்ணன்!" தலை முழுக்க மரத்தூள், மூக்குல சிலந்தி வலை.

"காணோம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னண்ணே?"

"ஏன் மாட்டலைன்னு நீ ஒரு வார்த்தை கேட்டா என்னடா?"

நல்லபெருமாள் தீப்பெட்டியைத் தேடி எடுத்து விளக்கை ஏத்தினான்.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

மறுநாள் கத்தியை மாட்டி, பெல்ட்டை இழுத்து, சுவிட்சைப் போட்டாங்க. டர்ர்... டர்ர்ர்ர்... மெஷின் ஓடுச்சு! நல்லபெருமாள் தேக்குக்கட்டையைத் தள்ளினான். நல்ல நீளக் கட்டை. பாதிக்கு மேல போனதும் அந்தப் பக்கம் கனத்துல தொங்கி, இந்தப் பக்கம் தூக்கப் பார்க்குது. அப்போ கோலப்பன் ஓடிப்போய் அந்தப் பக்கத்துல வாங்கிக்கிட்டான். ஒருத்தன் தள்ள, ஒருத்தன் வாங்க, சர்ர்ர்னு சுருள் சுருளா விழுது. அப்பா சொன்னது இதைத்தான் போலன்னு நல்லபெருமாளுக்குத் தோணுச்சு.

அப்புறம் நிலை வைக்கிற நாள் வந்துச்சு. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வச்சாச்சு. கோலப்பன் ஒரு தேங்காயை எடுத்து, "நீதாண்ணே உடைக்கணும்"னு குடுத்தான். நல்லபெருமாள் வாங்கினான். கை தானா காதுகிட்ட போச்சு, ஆட்டிப் பார்க்க. தம்பி பார்த்துக்கிட்டே நிக்குறான். அண்ணன் கையை இறக்கினான். ஆட்டாமலே ஓங்கிப் போட்டான், பட்டார்! வெள்ளை வெளேர்னு ரெண்டு மூடி.

அவ்வளவுதான். சுவிட்சை அணைச்சாச்சு, மெஷினும் நின்னாச்சு, கதையும் நின்னாச்சு. முருகன் காவலிருப்பான், நீ கண்ணை மூடு.