அடிகுழாய் உறுப்பினர்

ஒரு ஊரில் தெருச் சாமான்களே நகராட்சி நடத்தின. எப்படி என்று கேட்காதீர்கள். நடத்தின.

மாவடித் தெருவுக்கு உறுப்பினர் அடிகுழாய். மேடைத் தலைவர் மாதிரி கை தூக்கியே நிற்கிறானே என்று தெரு ஓட்டுப் போட்டது. போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

மன்றத் தலைவர் மெத்தை நாற்காலி. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்பார். அடிகுழாயின் கை மேலேதான் நிற்கும். அமுக்க ஆள் இல்லையே. தலைவருக்குப் புது உறையா, ஆதரவு. உறைக்கு மேல் இன்னொரு உறையா, அதற்கும் ஆதரவு.

ஒருநாள் தீர்மானம் வந்தது: ஊர்க் குப்பை முழுவதையும் மாவடித் தெருவில் கொட்டுவது. அடிகுழாய் மறுக்க வாய் திறந்தது. 'கரக்' என்றது. உறுப்பினர் மகிழ்ச்சியில் தழுதழுத்தார் என்று எழுதிக்கொண்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து கை எண்ணலாம் என்றார் தலைவர்.

சேதி கேட்டு மாவடித் தெருச் சாக்கடை பதறியது. பால் பாக்கெட் தின்றே மூச்சு முட்டுகிறது. ஊர்க் குப்பையும் வந்தால் உயிர் போய்விடும். தண்ணீர் நிறைந்த பச்சைக் குடத்தைக் கூட்டிக்கொண்டு மன்றத்துக்குள் புகுந்தது. உறுப்பினர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள்.

"ஏண்டா, உன்னை எதுக்கு அனுப்பினோம்?" என்றது சாக்கடை.

அடிகுழாய்க்குக் காற்றுக் குரல்தான் வந்தது. "தொண்டை காஞ்சு கிடக்குதுக்கா. அனுப்பினதோட சரி. ஒருத்தரும் வந்து ஊத்தி அடிக்கலையே."

"ஊத்துறதெல்லாம் கூட்டம் முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று தலைவர் கண்ணடித்தார்.

குடம் அவரைச் சட்டை செய்யவில்லை. அடிகுழாயின் தலையில் தண்ணீரை ஊற்றியது. கைப்பிடியில் தொங்கி அடித்தது. நாலு அடியில் தெருவின் ஏச்சு மொத்தமும் கொட்டியது. தலைவரின் இரண்டு உறையும் நனைந்தன. கை எண்ணி முடிக்கும்வரை குடம் கைப்பிடியை மேலே விடவில்லை. ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது.

அடுத்த கூட்டத்தன்று மன்ற வாசலில் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

தலைவருக்கு எரிச்சல். "உங்க உறுப்பினர்தான் உள்ளே இருக்காரே. நீங்க எதுக்கு?"

"அவரு குழாய்தான்" என்றது பச்சைக் குடம். "தண்ணி எங்களுது."