நண்டு துப்பும் மண்

அந்தக் காலத்தில் நண்டுக்கு வாய் இருந்தது. இப்போதும்தான் இருக்கிறதே என்பீர்கள். அது தின்கிற வாய். நான் சொல்வது பேசுகிற வாயை. மீன் பேசியது, கொக்கு பேசியது, ஆனால் நண்டைப் போல வாயாடி ஒன்று கிடையாது. திறந்தால் மூடாது. நடையும் அப்போது உங்களையும் என்னையும் போல நேர் நடைதான்.

கடலோரத்து ஊர் ஒன்றில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய மூத்த பிள்ளை மருதன் ஆறு வயதில் அலையோடு போனவன். கரைக்குத் திரும்பியது அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டு மட்டும்தான். அன்று பிடித்த பயம் அவளை விடவே இல்லை. அலை கொஞ்சம் ஓங்கி இரைந்தால் தின்கிற சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கினால்கூட உடனே வாரி இறைத்துவிடுவாள். இளையவள் செவ்வந்தியையாவது காப்பாற்றிக்கொள்ளவேண்டுமே என்று, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் தாழம்புதரை ஆள் உயரத்துக்கு வேலியாக வளர்த்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பக்கம் என்னம்மா இரையுது?"

"காத்துடி. போய் வேலையைப் பாரு."

கடல் என்ற சொல்லே பிள்ளையின் காதில் விழாமல் வளர்த்தாள் என்றால் பாருங்களேன்! மறைத்தால் மறைகிற பொருளா அது?

தாழைக்கு அடியில்தான் நண்டின் வளை இருந்தது. அது ஒருநாள் இந்தப் பக்கம் தலை நீட்டி, "யாருடி நீ, பூப்போல இருக்கே?" என்று கேட்டது. அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை சும்மா இருக்குமா? முள் கீறக் கீற ஊர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நண்டு அவளுக்குக் கடலை விளையாட்டாகவே காட்டியது. சிப்பியில் மாலை கோக்கச் சொல்லித்தந்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஓடம் செய்து அலையில் விடச் சொல்லும். எது திரும்பி வரும், எது போய்விடும் என்று இரண்டு பேருக்கும் பந்தயம். சிரட்டை திரும்பாத இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைக்கு அப்படித்தான் தெரிந்தது. படிக்கவும் கற்றுக்கொண்டாள். காய்ந்த மணலில் நண்டு காலால் வட்டம் கீறினால், கடல் சாந்தமாக இருக்கிறது, ஆடலாம் என்று அர்த்தம். நடுவில் ஒரு குழி போட்டு நாலாபக்கமும் கோடு இழுத்தால் கதையே வேறு.

"கோட்டைப் பாத்தா ஏன், எதுக்குன்னு கேக்கப்படாது. மேட்டுக்கு ஓடணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

ஒருநாள் பாயை உதறும்போது அதன் அடியிலிருந்து சிப்பிமாலை விழுந்தது. காத்தாயி பிள்ளையை அதட்டிக் கேட்டு, நண்டின் வேலை என்று தெரிந்துகொண்டாள். தாழம்புதரைப் பிளந்துகொண்டு வளைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏ நண்டே! ஒரு பிள்ளையைக் குடுத்தது பத்தாதா? இவளையும் வாரிக் குடுக்கணுமா?"

"ஆத்திரப்படாதே தாயி. கடல் பக்கத்துல பொறந்த பிள்ளை என்னைக்காச்சும் கடலுக்குப் போகத்தான் செய்யும். தெரிஞ்சு போனா நல்லதா, தெரியாம போனா நல்லதா? மருதனுக்கு மட்டும் யாராச்சும் சொல்லியிருந்தா..."

மகன் பெயர் காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு கை நிறைய மணலை அள்ளி நண்டின் வாயில் திணித்தாள். பேச்சு நிற்கும்வரை திணித்தாள்.

நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவளை எந்த வாயால் திட்டுவது? பெற்ற வயிறு அல்லவா!

மூன்றாம் நாள் காலை. ஊர்ச்சனம் விடியும்போதே மேட்டுக்காட்டுக்கு அறுப்புக்குப் போய்விட்டது. காத்தாயி மட்டும் பிந்திவிட்டாள். கூடையை எடுக்கும்போதுதான் கவனித்தாள், இரைச்சலைக் காணோம். பிறந்ததிலிருந்து ஓயாத இரைச்சல் நின்றுவிட்டது. வேலியை விலக்கிப் பார்த்தாள். கடலையும் காணோம்! கண்ணுக்கு எட்டியவரை வெறும் சேறு, அதில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"தொலைஞ்சதா சனியன்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். மருதன் போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். தானே செவ்வந்தியின் கையைப் பிடித்துக் கடல் கிடந்த பள்ளத்துக்குள் இறங்கிவிட்டாள். இப்படி ஒரு தப்பை, கடலுக்குப் பயந்தே காலம் தள்ளியவள்தான் செய்வாள்.

"அம்மா, நண்டத்தையைக் கேட்டுட்டுப் போவோம்மா."

"அது இனிமே பேசாது. வா."

வளைக்கு வெளியே வந்து பார்த்த நண்டுக்கு உயிரே போய்விட்டது. கத்த வாயைத் திறந்தது. நுரைதான் வந்தது. ஓடிப்போய்க் காலால் கோடு கீறியது. சேற்றில் கீறின கோடு அடுத்த நொடியே மூடிக்கொண்டது. இருமி இருமி, தொண்டையில் கிடந்த மண்ணில் ஒரு உருண்டையைத் துப்பியது. உருண்டை மூடிப்போகவில்லை, அப்படியே நின்றது. பக்கத்தில் இன்னொன்று துப்பியது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

செவ்வந்தி குனிந்து பார்த்தாள். நடுவில் குழி. நாலாபக்கமும் உருண்டை உருண்டையாகக் கோடு.

"அம்மா, ஓடணும்! அத்தை ஓடச் சொல்லுது!"

"மண்ணைப் பாத்து என்னடி பேசுறே? அதுக்குத்தான் வாயே..."

சொல்லும்போதே அவள் கண் நண்டின்மேல் விழுந்தது. அது துப்புவது தான் திணித்த மண் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில், வானத்துக்குக் கீழே, கறுப்பாக ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

கூடை எங்கே விழுந்ததோ! பிள்ளை தாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். நண்டும் கூடவே ஓடியது. கடலைப் பார்த்தால் பிள்ளை தெரியவில்லை, பிள்ளையைப் பார்த்தால் கடல் தெரியவில்லை. ஒரு கண்ணைக் கடல்மேலும் ஒரு கண்ணைப் பிள்ளைமேலும் வைத்து, பக்கவாட்டில் ஓடியது. அவர்கள் மேட்டில் ஏறி விழுந்தபோது கீழே வேலியும் இல்லை, வீடும் இல்லை, தண்ணீர்தான்.

மூச்சு வந்ததும் காத்தாயி நண்டைக் கையில் எடுத்தாள். சுண்டுவிரலால் அதன் வாயிலிருந்த மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை பேசு. என்னைத் திட்டவாவது திட்டேன்!"

இன்னொரு உருண்டைதான் வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் வடிந்த அன்றைக்கு, மகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, "இது என்ன எழுத்துன்னு எனக்கும் சொல்லிக்குடுடி" என்றாள்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. அன்று முதல்தான், கடல் உள்வாங்கும் போதெல்லாம் வளையைவிட்டு வெளியே வந்து, மண்ணை உருண்டை உருண்டையாகத் துப்பிக் கோடு போடுகிறது. அவள் திணித்தது இரண்டு கை மண்தான், இன்னும் தீர்ந்தபாடில்லை.