முள் எடுத்த புத்தகம்

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. முடிவில் நான் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வது அதனால்தான் கஷ்டம். அவசரப்படாமல் கேளுங்கள்.

உப்பளம் பக்கத்து ஊர் ஒன்றில் செல்வின் என்று ஒருவர் இருந்தார். தண்ணீர் லாரி ஓட்டுபவர். மனைவி பவுலின். மகள் ஷெரின், நான்காம் வகுப்பு. ஷெரினுக்குக் கீழே ஜெரோ என்று ஒரு பையன் இருந்தான். சாயங்காலம் தெருமுக்கில் லாரியை நிறுத்தி அப்பா இரண்டு தடவை ஹாரன் அடித்தால் போதும். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், தூக்கச் சொல்லிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பான். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

பவுலின் தெருவே கேட்க அழுதாள். பிறகு ஒரு நாள் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஷெரினும் அம்மா மடியில் கிடந்து அழுதாள். செல்வின் அழவில்லை. "நானும் அழுதா வீடு என்னத்துக்கு ஆகும்?" என்பார். ஆனால் முக்கில் லாரி நின்றதும் இன்னமும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். யாரும் வெளியே வருவதில்லை.

ஷெரினுக்கு மாயக்கதை என்றால் உயிர். நூலகத்திலிருந்து செல்வின்தான் எடுத்துவந்து கொடுப்பார். அலமாரிக்கு முன்னால் நின்றபடியே கடைசிப் பக்கங்களை முதலில் படிப்பார். யாராவது செத்துப்போனாலோ, போனவர் திரும்பி வராவிட்டாலோ, அந்தப் புத்தகம் அலமாரிக்கே போய்விடும். குழந்தைக்கு ஊட்டுகிற மீனில் முள் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

நூலகத்து அம்மா ஒருமுறை கேட்டேவிட்டார். "எட்டு வயசுக்கு மேலன்னு அட்டையிலயே போட்டிருக்கே சார். உங்க பொண்ணுக்கு ஒம்பது. இன்னும் என்னதான் பாக்குறீங்க?"

"வயசு சரிதான் மேடம். எங்க வீடுதான் சரியில்ல."

ஒரு நாள் லாரி வழியை அடைக்கிறது என்று நூலகத்துக்கு வெளியே ஆட்கள் சத்தம் போட்டார்கள். அவசரத்தில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்துவந்துவிட்டார். உப்பு மலைமேல் பிறந்த, இறகு முளைத்த ஆட்டுக்குட்டியின் கதை. அதன் கழுத்தில் ஒரு மணி. அதை வளர்க்க ஒரு சிறுமி.

வீட்டுக்கு வந்துதான் முடிவைப் பார்த்தார். குட்டி மணியை உதறிவிட்டு மேகத்துக்குள் போய்விடுகிறது. அந்த வரிக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. அதற்குள் ஷெரின் அட்டையைப் பார்த்துத் துள்ளத் தொடங்கியிருந்தாள். நூலகப் புத்தகத்தைக் கிழிக்கவும் முடியாது. சோற்றுப் பருக்கையை மசித்து, கடைசி இரண்டு தாள்களையும் சேர்த்து ஒட்டினார்.

"ஏட்டி, கடைசியில தாள் ஒட்டிக் கெடக்கு. பிரிக்காத, கிழிஞ்சிரும். முடிவ நீயே சொல்லிக்கோ."

ஷெரின் தினம் சாயங்காலம் வாய்விட்டுப் படிப்பாள். பவுலின் மீனைக் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டே கேட்பாள். அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு, விட்ட இடத்திலிருந்து தானும் கொஞ்சம் படித்துப் பார்ப்பாள் என்பது யாருக்கும் தெரியாது.

"அந்த ஆட்ட என் கையில குடுத்திருந்தா இந்நேரம் குழம்பு கொதிச்சிருக்கும்" என்றாள் ஒரு நாள்.

"யம்மா!" என்று ஷெரின் கத்தினாள். செல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கதை முடிகிற நாள் வந்தது. செல்வின் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் அட்டைதான் தெரிந்தது. ஷெரின் கடைசித் தாளுக்கு வந்து, சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பவுலின் தலை நிமிராமல் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஷெரின் படித்தாள். "மேகம் விலகியது. ஆட்டுக்குட்டி திரும்பி வந்தது."

செல்வினுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏட்டி, வந்துட்டா?" என்றாள் பவுலின்.

"வந்துட்டும்மா. மணியக் கட்டச் சொல்லிக் கழுத்த நீட்டுது."

"வராம எங்க போகும்? பசிக்கும்லா."

செல்வின் எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். கதை போன போக்கிலேயே குட்டி வராது என்று தெரிந்திருந்தும், பெற்றவள் தாங்கமாட்டாள் என்று இந்தப் பிள்ளை இப்படிப் பொய் சொல்லுதே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நூலகத்து அம்மா கடைசித் தாள்களை விரித்துக் காட்டி முகத்தைச் சுளித்தார். "என்ன சார் இது, இப்படி மஞ்சளாக்கி வச்சிருக்கீங்க?"

ஒட்டிய தாள்கள் கிழியாமல், ஆவி காட்டிப் பக்குவமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் மஞ்சள் விரல் தடம். அவர் படிக்காமல் விட்ட கடைசி வரியில்தான் மஞ்சள் அதிகம். அந்த வரி இது: 'குட்டி இனி வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் சாயங்காலம் மணியை ஆட்டினாள்.'

இப்போது சொல்லுங்கள். தாய், மகள், தகப்பன் மூன்று பேரில், அந்தப் புத்தகத்துக்கு வயது பத்தாதவர் யார்? ஷெரின் யாருக்காக முடிவை மாற்றினாள்?

எனக்குத் தெரிந்த விடை இது. தாய் கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்துவிட்டாள். அந்த மஞ்சளைப் பார்த்ததும், அம்மாவுக்குத் தெரியும் என்று மகளுக்கும் தெரிந்துபோயிற்று. அப்படியென்றால் அவள் முள் எடுத்தது அம்மாவுக்கு இல்லை. தாயும் மகளும் சேர்ந்து ஆட்டுக்குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தது, இன்னும் மணி ஆட்டிக்கொண்டிருந்த ஒருவருக்காக. அது செல்வினுக்குப் புரிந்தது. நூலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். அன்று சாயங்காலமும் தெருமுக்கில் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. பவுலினும் ஷெரினும் செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள். லாரிக்கு முன்னால் போய் நின்று ஷெரின் கையை உயர்த்தினாள்.