கால்தடம் கேட்ட சபை

மருதங்காட்டில் பவளாயி என்று ஒரு நீர்நாய் இருந்தாள். காலையில் கண் விழித்தால் அவளுக்கு மூன்று பேருடைய வயிறு ஞாபகம் வரும். தன் வயிறு நாலாவதுதான்.

அந்த மூன்று பேரும் ஒரு பாறைக் குகையில் கிடந்தார்கள். கண் தெரியாத கரடி, பல் கொட்டிப்போன குரங்கு, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும் மிளாமான். மூவரையும் அவரவர் கூட்டம் விட்டுவிட்டுப் போய்விட்டது. பவளாயி பக்கத்துக் குளத்திலிருந்து கிழங்கும் புல்லும் கொண்டுபோவாள். சுரைக்குடுக்கையில் தண்ணீரும் கொண்டுபோவாள். வாசலில் கொஞ்சம் சிந்திவிடும். அதனால் குகை வாசல் எப்போதும் சேறாகவே இருக்கும். அவளுக்கு ஒத்தாசையாக இரண்டு முயல்கள் இருந்தன.

அந்த வருஷம் மழை இல்லை. குளம் சுருங்கிக் குட்டையானது. முயல்கள் தங்களுக்கே வழியில்லை என்று சொல்லிப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. ஒருத்தி எவ்வளவுதான் சுமப்பாள்? குகையில் ஒருவேளை கிடைத்தால் மறுவேளை பட்டினி என்றானது.

மேட்டில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அது காட்டுச் சபையின் பொறுப்பு. சுற்றிலும் பச்சைப் புல். பவளாயி ஒரு பகல் முழுக்க நடந்து சபைக்குப் போனாள். தினமும் கொஞ்சம் புல்லும் கிழங்கும் தண்ணீரும் யாராவது பலசாலி கொண்டுவந்து கொடுத்தால் போதும், மூன்று உயிர் பிழைக்கும் என்று கேட்டாள்.

சபைத் தலைவர் காட்டெருமை. இளகிய மனசுக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கிவிட்டது. உறுப்பினர்கள் எல்லாரும் அய்யோ பாவம் என்றார்கள். அப்போதுதான் செயலாளரான செம்போத்துப் பறவை தொண்டையைச் செருமியது.

சபையின் வழக்கம் ஒன்று உண்டு. உதவி யாருக்கோ, அவர் நேரில் வந்து ஊற்றங்கரை ஈரமண்ணில் கால் பதிக்க வேண்டும். முன்பு ஒரு காட்டுப்பன்றி, செத்துப்போன அண்ணன் பேரைச் சொல்லி ஒரு வருஷம் கிழங்கு வாங்கித் தின்றதாம். அன்றைக்குப் போட்ட வழக்கம்.

"நடக்க முடியாதவங்களுக்குத்தானே ஐயா கேக்கிறேன்?" என்றாள் பவளாயி. "உங்கள்ல ஒருத்தர் வந்து பார்த்தா போதாதா?"

"உனக்காக மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு மாத்தச் சொல்வாங்கம்மா" என்றார் தலைவர். மிகவும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

வேறு வழி தெரியாமல் பவளாயி மூவரையும் கிளப்பினாள். மிளாவின் வாலைக் கரடி பிடித்துக்கொண்டது. கரடியின் மயிரைக் குரங்கு பிடித்துக்கொண்டது. ஒரு பகல் வழியை மூன்று பகல் நடந்தார்கள். தடம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"பெரியப்பா, நல்லா அழுத்தி வைங்க" என்று கரடியிடம் சொன்னாள். மற்ற இருவரிடமும் அதையே சொன்னாள்.

மூவரும் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கால் பதித்தார்கள். செம்போத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. தடங்கள் ஆழமாகவும் தெளிவாகவும் இருப்பதாகச் சபையில் சொன்னது. உறுப்பினர்களுக்கு ஒரே சந்தோஷம். இந்த வயசில் இவ்வளவு தூரம் நடந்து வந்து, இவ்வளவு அழுத்தமாகக் கால் வைக்கிறவர்களுக்கு உதவி எதற்கு என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். மூவரின் மன உறுதியையும் பாராட்டித் தலைவர் தன் கையால் தழைமாலை போட்டார். மிளா தன் மாலையை நின்ற இடத்திலேயே தின்றுவிட்டது. குரங்குக்குப் பல் இல்லை, மாலையோடேயே நடந்தது.

திரும்பும் வழியில், சரிவில் மிளா விழுந்தது. எழவில்லை. மறுநாள் காலையில் குரங்கு ஒரு வேரில் சாய்ந்து உட்கார்ந்தது. மாலை கழுத்தில் இருந்தபடியே அதன் உயிர் போய்விட்டது.

குட்டையில் நிரப்பி வந்த தண்ணீர் வழக்கம்போல வாசலில் கொஞ்சம் சிந்த, கரடியை மட்டும் பவளாயி குகைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அதற்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"தாயி, நான் சரியாத்தானே கால் வெச்சேன்? நீ சொன்னபடியே அழுத்தித்தானே வெச்சேன்?"

"சரியாத்தான் வெச்சீங்க, பெரியப்பா." வெளியே போய் அழுதாள்.

விஷயம் காடெல்லாம் பரவியது. காறித் துப்பாதவர்கள் இல்லை. சபை அவசரமாகக் கூடியது. அவசரம் என்றாலும் சபை இல்லையா, மூன்று அமர்வு ஆனது. கடைசியில் பத்துப் பேர் புல்லும் கிழங்கும் தேனும் சுமந்து வர, தலைவரே முன்னால் நடந்து குகைக்கு வந்தார்.

கரடி செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

வாசலில் பவளாயி மட்டும் உட்கார்ந்திருந்தாள். செம்போத்துக்கு வழக்கம் மறக்கவில்லை. வாங்கிக்கொள்கிறவர் யார், கால் பதிக்க வேண்டுமே என்று மெல்லக் கேட்டது.

"பதிச்சுத்தான் இருக்கு. பார்த்துக்குங்க" என்று அவள் தரையைக் காட்டினாள்.

தண்ணீர் சிந்த ஆளில்லாமல் வாசல் சேறு காய்ந்து கிடந்தது. தடங்கள் அப்படியே இருந்தன. செம்போத்து குனிந்து பார்த்தது.

"மூணு பேர் வெளியே போயிருக்காங்க, தலைவரே."

"அப்புறம்?"

"ஒருத்தர்தான் திரும்பி வந்திருக்கார்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் வெளியே வரலை."

தலைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சுமந்து வந்தவர்கள் சுமையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவளாயி காலிக் குடுக்கையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் காட்டை விட்டே போய்விட்டாள்.

முடியாதவர்களைத் தேடிப் போய்க் கொடுப்பதுதான் உதவி. அவர்களை நடக்கவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க நினைப்பவர்களுக்கு, கடைசியில் கொடுக்க ஆள் இருக்காது.