சவரிமுத்துவின் தாவல்

“நல்ல பேஸ் கிட்டார் வாங்கணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க டீச்சர்.”

கேட்டவர் சவரிமுத்து. திருச்சிப் பக்கம் எந்தக் கல்யாண வரவேற்புக்குப் போனாலும், மெல்லிசைக் குழுவின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கலாம். யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பேஸ் கிட்டார்காரரை யார் பார்க்கிறார்கள்? வாசிப்பதை நிறுத்தினால்தான், ஏதோ குறைகிறதே என்று பந்தியில் இருப்பவரும் தலை நிமிர்வார்.

டீச்சர் என்றது பிலோமினாவை. பாலக்கரையில் ஒரு டயர் கடைக்கு மேலே அவருடைய கிட்டார் வகுப்பு. ஓர் அறை, ஒரு கரும்பலகை, நாலு நாற்காலி. சவரிமுத்துவைவிட வயதில் சின்னவர். அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

“இப்ப எதுக்குண்ணே திடீர்னு?”

“மெட்ராஸ்ல ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டாங்க. போய் வாசிச்சேன். கேட்டுட்டு மியூசிக் டைரக்டர் தம்பி உதட்டைப் பிதுக்கிட்டாரு. ‘ஒரு இடத்துல கனமே இல்ல சார். நல்ல கிட்டாரா எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழமை வாங்க’ன்னாரு.”

“ஒரு இடத்துலயா?”

“அப்படித்தான் சொன்னாரு. இத்தனை வருஷத்துல மொத தடவை ஸ்டுடியோவுக்குள்ள விட்டிருக்காங்க டீச்சர். இதையும் விட்டா அவ்வளவுதான்.”

“பணத்துக்கு?”

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

“வீட்டுக்காரி ஜெசிந்தா சீட்டு எடுத்து வெச்சிருக்கா. தையல் கடை போட அட்வான்ஸ் குடுக்கறதுக்கு. ‘நீங்க எடுத்துக்கோங்க, கடையை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. அதான் தாங்க முடியல.”

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“கை நல்லா இருந்தா துடைப்பக்கட்டையிலகூட வாசிக்கலாம்ங்கறான் கீபோர்டு ஆரோக்கியம். துடைப்பக்கட்டையோட போனா வாசல்லயே நிறுத்திடுவாங்கன்னு டிரம்ஸ்காரன் சொல்றான். ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. நான் எங்க போறது?”

“ஸ்டுடியோல வாசிச்சதை வாசிங்க.”

வாசித்தார்.

குழுவில் சேர்ந்த வருஷம் வாங்கிய கிட்டார் அது. அதில் சவரிமுத்துவுக்கென்று ஒரு தாவல் உண்டு. பாட்டு கீழே இறங்கி வந்து அமரப்போகும் நேரத்தில், அமராமல் ஒரே தாவாக மேலே போய் நிற்பார். மேடையில் அது வந்தால் டிரம்ஸ்காரர் திரும்பிச் சிரிப்பார். பாடுகிறவர்கள் மைக்கை மூடிக்கொண்டு ‘அண்ணே, பிரமாதம்’ என்பார்கள். சவரி தாவல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போதும் அந்தத் தாவல் வந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தார்.

சவரிமுத்து கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி கிட்டாரைக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறார். ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற விலை என்று கேள்வி.

“தொடலாமா டீச்சர்?”

“வாசிக்கத்தானே எடுத்துட்டு வந்தேன்.”

அதே பாட்டை வாசித்தார். முதல் தந்தியைத் தட்டியதுமே மனுஷருக்கு உடம்பு சிலிர்த்தது. தாவல் வந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது.

“என்னா சவுண்டு டீச்சர்! முடிவு பண்ணிட்டேன். வாங்கிடறேன். ஜெசிந்தா காலைப் பிடிச்சாவது வாங்கிடறேன்.”

டீச்சர் எழுந்துபோய்க் கரும்பலகையின் அடியிலிருந்து சிவப்பு சாக்பீஸ் ஒன்றை எடுத்தார். திரும்பி வந்து, அந்த விலை உயர்ந்த கிட்டாரின் இரண்டாவது தந்தியில், கழுத்துப் பட்டிகளுக்கு நடுவே மூன்றாவது கட்டத்தில், பரபரவென்று தேய்த்தார். தூள் உதிர்ந்து பளபளப்பான மரத்தில் விழுந்தது.

“ஐயையோ, டீச்சர்!”

“துடைச்சாப் போயிடும். கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை வாசிங்க.”

வாசித்தார். தாவலும் வந்தது.

“இடது கையைக் காட்டுங்க.”

காட்டினார். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நாலு விரலையும் விரித்துக் காட்டினார். நாலும் சுத்தமாக இருந்தன.

“அந்தக் கட்டத்துக்கு ஏண்ணே போகவே இல்ல?”

சவரிமுத்து விரல்களைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வையம்பட்டி திருவிழா,” என்றார் கடைசியில். “வேன் மேல கட்டியிருந்த கிட்டார் அவுந்து ரோட்டுல விழுந்துடுச்சு. அதுலேருந்து அந்தக் கட்டத்தை அமுக்கினா கர்ர்ர்னு இரையும். மறுநாளே கச்சேரி. அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய் வாசிச்சேன்.”

“கைதட்டினாங்களா?”

“தட்டினாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் மறந்தே போச்சு டீச்சர்.”

அவர் அந்த விலை உயர்ந்த கிட்டாரைப் பூப்போலப் பெட்டியில் வைத்தார். அவமானமாக இருந்தது. ஊரே பேர் வைத்துக் கொண்டாடிய தாவல்!

“இரைச்சலே இல்லாத கிட்டார்லயும் தாண்டித்தான் போயிருக்கேன்.”

“ஆமா.”

“அப்ப இதை வாங்கியும் பிரயோஜனம் இல்ல.”

“அப்படி நான் சொல்லலியே.”

டீச்சர் அவருடைய பழைய கிட்டாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் கழுத்தில் வரிசையாகப் பதித்திருந்த உலோகப் பட்டிகளில், அந்தக் கட்டத்தை ஒட்டிய ஒன்று மட்டும் மேலே எழும்பி நின்றது. மாடிப்படியில் நின்று, “பாய், அந்த ரப்பர் சுத்தியலைக் கொஞ்சம் குடுங்க” என்று கீழே டயர் கடைக்குக் குரல் கொடுத்தார்.

சுத்தியல் வந்தது. துணியைச் சுற்றிப் பட்டியின் மேல் மெதுவாகத் தட்டினார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தட்டினார். ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

“இப்ப அமுக்குங்க.”

சவரிமுத்து அமுக்கித் தட்டினார். இரைச்சல் இல்லை. ஒரு சுரம் எழுந்து, அறையில் நின்று, ஜன்னல் கம்பியை லேசாக அதிரவைத்துவிட்டு, தானாக ஓய்ந்தது. அவர் அது முழுக்க ஓயும்வரை கேட்டார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இத்தனை வருஷமா யாருமே சொல்லலியே!”

“தாவல் நல்லா இருந்துச்சுண்ணே. யாரு சொல்லுவா?”

சவரிமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட்டாரை உறைக்குள் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கேட்காமல் போக மனசு வரவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சுத்தியலால தட்டினாலே சரியாப் போகுதுன்னா, நீங்க எதுக்கு அவ்வளவு விலை குடுத்து அதை வாங்கினீங்க?”

டீச்சர் பெட்டிக்குள் இருந்த கிட்டாரின் சிவப்புத் தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தப்பு வந்தா இது மேல பழி போட முடியாதுண்ணே. எனக்கு அது தேவைப்பட்டுச்சு.”

சவரிமுத்து கையை நீட்டினார்.

“அந்த சாக்பீஸ் துண்டைக் குடுங்க டீச்சர்,” என்றார்.

வியாழக்கிழமை ஜெசிந்தா கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தாள். காலையிலேயே கிளப்பி அனுப்பியவர் சவரிமுத்துதான். ‘அப்ப உங்க கிட்டாரு?’ என்று அவள் கேட்டதற்கு, ‘இருக்குல்ல’ என்றார். இருந்தாலும் ராத்திரி எழுந்து எழுந்து அந்தக் கட்டத்தை அமுக்கிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸ். உறையிலிருந்து கிட்டார் வெளியே வந்ததும் மியூசிக் டைரக்டரின் முகம் சுண்டிவிட்டது.

“அதே கிட்டாரா சார்?”

“அதேதாங்க.”

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கீழே இறங்கி வந்தது. அமர வேண்டிய இடம் வந்தது. விரல் கேட்கவில்லை. தாவிவிட்டது.

பாட்டு நின்றது. ஹெட்போனில் குரல் வந்தது.

“அதே இடம் சார். நான் அன்னிக்கே சொன்னேன்ல, இந்தக் கிட்டாரை வெச்சுக்கிட்டு...”

“கிட்டார் மேல தப்பு இல்லீங்க. நாந்தான் தாண்டிப் போயிட்டேன்.”

ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார்.

“இன்னும் ஒரே தடவை போடுங்க.”

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து இரண்டாவது தந்தியில், அதே மூன்றாவது கட்டத்தில் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மியூசிக் டைரக்டர் எழுந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சவரிமுத்து அங்கே பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

விரல் நுனி சிவப்பாக இருந்தது.