கைராசி சார்

“என் பிள்ளைகளுக்கு யோசிக்கவே வர மாட்டீங்குதுங்க டீச்சர்.”

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

வஞ்சிக்கொடி டீச்சர் அப்போதுதான் வகுப்பை முடித்துவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேலைக் கொசுவம் நனைந்திருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

“உக்காருங்கண்ணா. மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க.”

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தெட்டு. பெங்களூரில் இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவர். போதுமடா சாமி என்று ஊர் திரும்பி, தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித் தருகிறார். டீச்சருக்கு முப்பத்துநாலு. பெங்களூரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் தாங்களாகவே யோசித்துச் செய்துவிடுகிறார்கள் என்று வட்டாரமே பேசியது. பயிற்சி முகாம் ஒன்றில் அவர் பேசியதைக் கேட்ட அன்றே நாச்சிமுத்து அவரைக் குருவாக வைத்துக்கொண்டுவிட்டார்.

அவருடைய வகுப்பை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. தன் வகுப்பை முடித்து வண்டியை விரட்டி வருவதற்குள் இங்கே மணி அடித்திருக்கும்.

“அடுத்த வெள்ளிக்கிழமை வர்றாங்க டீச்சர்.”

“யாரு?”

“லேப்டாப் குடுத்தவங்க.”

ஊரிலிருந்து வெளியே போய்ப் பிழைக்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஆறு லேப்டாப் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு இரவல். வருஷ முடிவில் வந்து புதிதாக ஒரு வேலை கொடுப்பார்கள். சார் வெளியே போய்விட வேண்டும். பிள்ளைகள் தாங்களாகச் செய்துவிட்டால் லேப்டாப் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

“நான் இல்லாட்டி ஒண்ணும் ஓடாதுங்க. ஆறும் போயிரும்.” நாச்சிமுத்து அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். “பதினெட்டுப் பிள்ளைங்க டீச்சர். அதை விட்டா அதுகளுக்கு வேற வழியில்ல.”

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

“வகுப்புல தப்பு வந்தா பிள்ளைங்க என்ன செய்வாங்க?”

“கை தூக்குவாங்க.”

“அப்புறம்?”

“நான் போவேன்.”

“அப்புறம்?”

“சரியாயிரும்.”

இதைச் சொல்லும்போது நாச்சிமுத்துவின் முகத்தில் அந்தக் கவலையிலும் ஒரு வெளிச்சம் வந்தது.

“எனக்குக் கைராசின்னு சொல்லுவாங்க டீச்சர். கனிஷ்கான்னு ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு. நான் ஒருக்கா தொட்டுக் குடுக்காம லேப்டாப்பைத் தொறக்கவே மாட்டா.”

டீச்சர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு இரண்டையும் விளிம்பு வரை நிரப்பினார். ஆளுக்கொன்று என்று நினைத்து நாச்சிமுத்து ஒரு கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையில் ஒன்றைக் கொடுத்து, இன்னொரு கையையும் நீட்டச் சொல்லி அதிலும் ஒன்றைக் கொடுத்தார்.

“நாளையிலிருந்து வகுப்பு முடியற வரைக்கும் இப்படி இருங்க. கீழ வெக்கக் கூடாது. சிந்தக் கூடாது. குடிக்கவும் கூடாது.”

“எதுக்குங்க டீச்சர்?”

“டம்ளரைத் திருப்பிக் குடுக்கறப்ப சொல்றேன்.”

*

மறுநாள் இரண்டு கையிலும் டம்ளரோடு நின்ற சாரைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்றைக்குப் பாடம், திரையில் ஒரு கோழி கிணற்றைச் சுற்றி வர வேண்டும். கட்டளைக் கட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் கோழி அதன்படி நடக்கும். இத்தனை அடி நட, இந்தப் பக்கம் திரும்பு, அவ்வளவுதான்.

ஐந்தாவது நிமிஷத்தில் மௌலீஷின் கோழி கிணற்றில் விழுந்தது. கை உயர்ந்தது.

நாச்சிமுத்துவின் கால் தானாகப் பாய்ந்தது. பேன்ட்டில் சளக்கென்று தண்ணீர்.

“சார், வாங்க சார்!”

“கையில தண்ணி இருக்குதுடா.”

“கீழ வைங்க சார்.”

“வெக்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“எங்க டீச்சர்.”

வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. சாருக்கு ஒரு டீச்சரா?

“அடிப்பாங்களா சார்?” என்று கனிஷ்கா கவலையாகக் கேட்டாள்.

“இதுவரைக்கும் இல்ல” என்றார் நாச்சிமுத்து.

கனிஷ்கா தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் விரல் முட்டியில் ஒருமுறை இடித்துக்கொண்டு போனாள். அதிலும் கொஞ்சம் தண்ணீர் போயிற்று. வகுப்பு முடியும்போது ஆறு கோழியும் கிணற்றில் கிடந்தன. டம்ளர்களில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம்.

சாயங்காலம் போய்ச் சொன்னார்.

“திங்கக்கிழமையும் நிரப்பிக்குங்க” என்றார் டீச்சர்.

*

திங்கட்கிழமை நாச்சிமுத்து பறந்துகொண்டு வந்தார்.

“ஒரு சொட்டு சிந்தலைங்க டீச்சர்!”

“பிள்ளைங்க?”

“கோழியை ஓட்டிட்டாங்க. ஆறு டேபிள்லயும் சுத்தி வந்துருச்சு!”

“யாரு சொல்லி?”

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். நின்ற இடத்திலிருந்தே ‘மூணாவது கட்டத்தை எடு, அஞ்சை நாலாக்கு, கீழ ஒரு திரும்பு போடு’ என்று நாற்பது நிமிஷமும் கத்தியிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

அந்தக் கட்டைக் குரலிலேயே டீச்சர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். கிணற்றின் படத்தைப் பெரிதாக்கி, அதே பாடத்தை மறுபடியும் கொடுக்கச் சொன்னார்.

“நாளைக்கு வாயிலயும் ஒரு மடக்கு வெச்சுக்குங்கண்ணா.”

*

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே மரியாதை. இரண்டு கையிலும் டம்ளர், கன்னம் இரண்டும் பந்தாக உப்பியிருக்க, பெங்களூரில் நூறு பேரை வேலை வாங்கிய மனிதர் சுவரோரம் நின்றார். மௌலீஷ் அவரைச் சிரிக்க வைக்கத் தன்னால் ஆனதை எல்லாம் செய்து பார்த்தான். ஒரு கோழியும் சுற்றவில்லை.

புதன்கிழமை நாச்சிமுத்துவுக்கு நம்பிக்கை விட்டுப் போயிருந்தது. இன்னும் இரண்டு நாள். பேசாமல் டம்ளரை வீசிவிட்டு, வெள்ளிக்கிழமை வரக்கூடிய பத்துக் கணக்கையாவது மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமா என்று யோசித்தார். ஆனாலும் குரு சொன்னதாயிற்றே என்று நிரப்பிக்கொண்டார்.

கனிஷ்காவின் கோழி மூன்றாவது முனையில் விழுந்தது. அவள் கை தூக்கினாள். சாரைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

எங்கே தப்பு என்று நாச்சிமுத்துவுக்கு இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது முனையில் ஒரு ‘திரும்பு’ விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு வார்த்தை தண்ணீருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது.

கனிஷ்கா எழுந்தாள். நாலு பெஞ்சுகளை இழுத்துச் சதுரமாகப் போட்டாள்.

“இது கிணறு. நான் கோழி. மௌலி, நீ நான் எழுதினதைப் படி. எழுதினதை மட்டும் படி.”

“நாலு அடி நட. வலது பக்கம் திரும்பு. நாலு அடி நட. வலது பக்கம் திரும்பு. நாலு அடி நட. நாலு அடி நட.”

கனிஷ்கா பெஞ்சைத் தாண்டிப் போய் பீரோவில் டங்கென்று முட்டிக்கொண்டாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

“டேய், திரும்பச் சொல்லவே இல்லையேடா நாம!”

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லையே என்று தவிப்பதற்குள், எட்டாவது படிக்கும் சபரீசன் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

“நாலு பக்கமும் ஒரே மாதிரிதானக்கா போறே? அதை எதுக்கு நாலுவாட்டி எழுதணும்? ஒருவாட்டி எழுதிட்டு, இதையே நாலுவாட்டி செய்னு சொன்னா கேக்காதா?”

“யாரு அக்கா? நீதான் பெரியவன்” என்றாள் கனிஷ்கா. ஆனாலும் அப்படிச் சொல்ல ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடப் போய்விட்டாள்.

அதைத்தான் நாச்சிமுத்து அடுத்த மாதப் பாடமாக எழுதி வைத்திருந்தார்.

வாயிலிருந்த தண்ணீர் மடக்கென்று உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் டீச்சர் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றார்.

“முழுங்கிட்டேனுங்க.”

“எப்போ?”

சொன்னார்.

“அது கணக்குல வராது” என்றார் டீச்சர்.

*

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். சாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

நாச்சிமுத்து வராந்தாவில் நின்றார். யாரும் சொல்லாமலே இரண்டு டம்ளரையும் நிரப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“கோழி கூடைக்குப் போகணும்” என்றார் வந்தவர்களில் பெரியவர். “வழியில ஒரு நாய் குறுக்கே வரும். வந்தா கோழி நிக்கணும். நாய் போனதும் நடக்கணும். அரை மணி நேரம்.”

இப்படி ஒன்றைப் பிள்ளைகள் செய்ததே இல்லை.

இருபது நிமிஷம் போனது. கோழி நடந்தது. நாய் வந்தது. கோழி நின்றது. நாய் போயிற்று. கோழி நின்றுகொண்டே இருந்தது.

பதினெட்டுப் பேரும் திரையையே பார்த்தார்கள். கோழி அசையவில்லை.

பெரியவருக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது.

“பரவால்ல கண்ணு. உங்க சாரை ஒரு நிமிஷம் கூப்பிடட்டுமா?”

கனிஷ்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய கைராசி சார் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு பார்வை போதும், ஒரு விரல் அசைந்தால் போதும். நாச்சிமுத்து டம்ளர்களை இறுகப் பிடித்துக்கொண்டார். விளிம்பில் தண்ணீர் தளும்பி, தளும்பி நின்றது.

“வேண்டாங்க” என்றாள் கனிஷ்கா. “சார் கையில தண்ணி இருக்குது.”

பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

“மௌலி, நீ நாயி. வந்துட்டுப் போ.”

மௌலீஷ் குரைத்துக்கொண்டே வந்தான். கனிஷ்கா நின்றாள். அவன் போனான். அவள் நின்றபடியே சபரீசனைப் பார்த்தாள்.

“நான் ஏன் நிக்கறேன்?”

“நாயி இருந்தா நில்லுன்னு சொன்னோம்.”

“இப்ப நாயி இல்லையே.”

“இல்லாட்டி என்ன செய்யணும்னு...” சபரீசன் பேச்சை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஓடினான்.

கூடைக்குள் போய் உட்கார்ந்த கோழி ஒரு முட்டையும் போட்டது. அதை யாரும் கேட்கவில்லை. மௌலீஷ் சேர்த்துவிட்டிருந்தான்.

பெரியவர் வெளியே வந்தார். லேப்டாப் ஆறும் இங்கேயே இருக்கட்டும் என்றார். கை குலுக்கக் கையை நீட்டினார். நாச்சிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்.

“தாகங்களா?” என்றார் பெரியவர்.

*

அன்றைக்கு அவருக்கு வேறு வகுப்பு இல்லை. நாலு மணிவரை பொறுக்கவும் முடியவில்லை. டம்ளர்களைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும். எதற்கு என்ற கேள்விக்கு டீச்சர் பதில் பாக்கி வைத்திருக்கிறார். அதைவிட, அழ வேண்டும் போலவும் இருந்தது.

டீச்சரின் பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஜன்னலோரம் நான்கு பிள்ளைகள் ஒரு லேப்டாப்பைச் சுற்றி, அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்வது தப்பு. வாசலில் நின்றே நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் திறந்தார்.

அப்புறம்தான் டீச்சரைப் பார்த்தார்.

சுவரோரம் ஒரு நாற்காலி. வஞ்சிக்கொடி டீச்சர் அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் அந்த நான்கு பிள்ளைகள் மேலேயே இருந்தது. இரண்டு கையிலும் டம்ளர். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

சேலைக் கொசுவத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து சத்தமில்லாமல் பையைத் திறந்தார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு குடத்துப் பக்கம் போனார்.